துளியின் குற்றம்

சேமிப்பின் சிறப்பைச் சொல்லவே 'சிறு துளி பெருவெள்ளம்' என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் எடுத்தாள்கிறோம். அதற்கு அச்சந்தரும் மறுபக்கம் ஒன்றும் உண்டு. உலகின் பனி நிலங்களில் அதனைக் காணலாம்.

கிரீன்லாந்துத் தீவின் பெரும்பகுதியைப் பனி மூடியுள்ளது. கோடைதோறும் அதன் மேற்பரப்பு உருகுகிறது. உருகிய நீர் ஓடைகளாகி, ஆறுகளாகி, பள்ளங்களில் நீலநிற ஏரிகளாகத் தேங்குகிறது. குளிர்காலம் வந்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறது. இது இயற்கையின் நியதி.

2006-ஆம் ஆண்டு ஜூலையில், 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தகைய ஏரியொன்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வற்றிப்போயிற்று. அடியிலிருந்த 980 மீட்டர் பனியைப் பிளந்துகொண்டு நீர் தரையைத் தொட்டது. அப்போது பாய்ந்த வெள்ளம் நயாகரா அருவியின் சராசரி ஓட்டத்தையும் விஞ்சியது. நீர் பனிக்கட்டியைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் வெடிப்பினுள் நிறையும்போது தன் எடையாலேயே அதனை மேலும் ஆழப்படுத்துகிறது.

தென்கோடியில் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அண்டார்டிகாவின் லார்சன் பி என்னும் மிதக்கும் பனித்தட்டின்மேல் உருகுநீர்க் குளங்கள் நிறைந்தன. 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சற்றேறக்குறைய 35 நாள்களுக்குள், 3,250 சதுர கிலோமீட்டர் பனி நொறுங்கிச் சிதறியது. பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தது அது. அதன் தடை நீங்கியதும், பின்னாலிருந்த பனியாறுகள் கடலை நோக்கிப் பன்மடங்கு விரைந்தன.

இங்கே ஒரு வினா எழுகிறது. அப்பனித்தட்டை உடைத்தது எந்தத் துளி? எந்த ஒரு துளியையும் சுட்டிக்காட்ட இயலாது. அப்படியானால் எல்லாத் துளிகளும் குற்றமற்றவையா?

துளிக்கு அறிவில்லை, அதனிடம் கணக்குக் கேட்பாரில்லை. நமக்கோ அறிவுண்டு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகின் வெப்பத்தைக் கூட்டியவர்கள் மனிதர்களே. ஆயினும், 'என் ஒருவனால் என்ன ஆகிவிடும்?' என்று ஒவ்வொருவரும் கேட்கிறோம். குற்றத்தைக் கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. ஆனால் கடல்மட்டம் அந்தப் பங்கீட்டை அறிவதில்லை. அது மொத்தத்திற்கே உயர்கிறது. மிகக் குறைவாக எரித்த ஏழையின் கரையோரக் குடிசையையும் அது விட்டுவைப்பதில்லை. பங்கு சிறுத்ததால் நம் உறுத்தல் குறைந்ததேயன்றி, தீங்கு குறையவில்லை.

'பனி உருகுவது இயற்கைதானே?' எனலாம். உண்மையே. ஆனால் அளவு மாறும்போது இயற்கையும் முகம் மாறுகிறது. அந்த அளவை மாற்றியவன் இயற்கையின் பின்னால் ஒளிந்துகொள்ளலாகாது.

இனி, நம்பிக்கைக்கு இடமே இல்லையா? அண்டார்டிகாவிலேயே நான்சென் என்னும் மற்றொரு பனித்தட்டு உண்டு. அதன்மேல் உருகும் நீரில் பெரும்பகுதி தேங்குவதில்லை. ஆறாக ஓடி, சுமார் 130 மீட்டர் அகலமுள்ள அருவியாகக் கடலில் விழுகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வாறு நீர் ஓடி வருவதை 2017-இல் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். தேங்கிய நீர் பிளக்கிறது. வழி கண்ட நீர் பளுவைக் குறைக்கிறது. வெப்பம் மிகும் நாளில் எல்லாப் பனித்தட்டுக்கும் இவ்வழி வாய்க்கும் என்பதற்கில்லை. எனினும் ஒரு பாடம் இதில் உண்டு.

பனியின்மேல் ஓடும் நீரே பனியை அரித்துத் தன் ஆற்றுப்படுகையை ஆழமாக்குகிறது. அதைத் தனித்துளி செய்ய இயலாது. ஒரு திசையில் சேர்ந்து ஓடும் துளிகளே செய்கின்றன. பலர் சேர்ந்து செய்த தவற்றுக்குப் பரிகாரமும் அத்தகையதே. தனித்தனியே வருந்திக் கொண்டிருப்பது போதாது. வீட்டில் சிக்கனமாகவும், ஊரில் பொது ஏற்பாடாகவும், நாட்டில் சட்டமாகவும் நம் மனச்சான்று ஒரே திசையில் ஓட வேண்டும்.

வெள்ளத்தில் தன் பங்கை மறுக்கும் துளி, வழி வெட்டுவதில் தன் பங்கையும் இழந்துவிடுகிறது.