மாணாக்கர் கவனம் யாருக்குரியது?

வகுப்பறையிற் கையடக்கத் தொலைபேசியை அனுமதிக்கலாமா என்னும் வினா, ஆசிரியர் கூடும் இடமெல்லாம் எழுகின்றது. ஆகும் என்பாரும் ஆகாது என்பாரும் கருவியைப் பற்றியே வாதிக்கின்றனர். யாம் ஆராயப் புகுவது வேறொன்று. மாணாக்கனது கவனம் யாருக்குரியது? அஃது அவனுடையதே யெனின், அதனை வேண்டி நிற்க நமக்கு உரிமை யாண்டிருந்து வந்தது?

முற்காலத்து மாணாக்கனும் பாடவேளையிற் சாளரத்தூடே காகத்தைப் பார்த்திருந்தானல்லனோ என்று சிலர் வினவுவர். உண்மை. ஆயினும் காகம் அவன் பார்வையை வேண்டிற்றில்லை. அவன் பார்த்தலாற் காகத்துக்கு வருவாயுமில்லை. தொலைபேசியில் வரும் முகநூல், யூடியூப், டிக்டொக் முதலியனவோ விளம்பரத்தாற் பொருளீட்டுவன. கண் எவ்வளவு நேரம் தங்குகின்றதோ அவ்வளவுக்கு ஊதியம். ஆகவே, கண்ணைத் தங்கச் செய்தலே தொழிலாகக் கொண்ட வல்லுநர் பலர் ஒருபுறமும், பதினான்கு வயதுப் பிள்ளை யொருவன் மறுபுறமுமாக நிற்கும் இடத்தில், "அவன் விருப்பம்" என்று கூறி விலகுதல் நடுவுநிலைமை யாகாது.

2022ஆம் ஆண்டு நடந்த பீசா என்னும் சர்வதேச மதிப்பீட்டில், செல்வ நாடுகளின் மாணாக்கருள் ஏறத்தாழ நூற்றுக்கு 65 பேர், கணித பாடங்கள் சிலவற்றிலேனும் இத்தகைய கருவிகளாற் கவனஞ் சிதறியதாகக் கூறினர். அயலான் கருவியாற் சிதறினோரும் பலர். இங்கிலாந்திற் பாடசாலைகள் சிலவற்றை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, தடையினாற் பெரும்பயன் பெற்றோர் பின்தங்கிய மாணாக்கரே யென்றது, முன்னிற்போர்க்கு மாற்றமில்லை. பின்னர்ச் சுவீடனில் நிகழ்ந்த ஆய்வு அப்பயனைக் காணவில்லை யென்பதையும் மறைத்தலாகாது. எனினும் முன்னைய முடிபு நம் அநுபவத்தோடு ஒத்திருக்கின்றது. கெட்டிக்காரன் தவறவிட்டதை வீட்டிற் படித்துக்கொள்வான். தனி வகுப்புக்குப் பணமில்லாத பிள்ளைக்கோ அந்த நாற்பது நிமிடமே கைம்முதல். முன்வாங்கில் ஒளிரும் திரையொன்று அவனது முதலைக் கரைக்கின்றது. அவன் அதற்கு இசைந்தானல்லன். கவனம் அவரவர் தனியுடைமை யெனும் வாதம் இவ்விடத்தே தளர்கின்றது. உரிமை நமக்குப் பிறப்பது இப்பிள்ளையின் பொருட்டேயாம். நமது பெருமையின் பொருட்டன்று.

இனி, சொல்ல இனியதல்லாத ஒன்று. 2020 பங்குனியிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொலைபேசி வாங்குக என்று பெற்றோரைப் பணித்தோர் யார்? கூலித் தொழிலாளி கடன்பட்டு வாங்கினான். பிள்ளைகள் மூவர்க்கு ஒரு கருவி. அலை கிடையாத ஊர்களிற் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறி வட்ஸ்அப்பிற் பாடம் பெற்றனர். அன்று பாடநூலாயிருந்ததனை இன்று நஞ்சென்று இகழ்ந்து, அதனை வைத்திருந்த பிள்ளையைக் கள்வனைப்போல் நடத்துதல் தகுமோ? வாங்கி வைத்தல் வேறு, அவமதித்தல் வேறு. பிள்ளையின் கருவியைத் திறந்து அந்தரங்கத்தைப் படித்தலோ எவ்வாற்றானும் அறமன்று.

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் பாடஞ் சொல்லும் முறையையும் வகுத்த பின்னரே, மாணாக்கர் இயல்பையும் பாடங் கேட்கும் முறையையும் வகுத்தது. அம்முறைவைப்பு நம்மை நோக்கியது போலும். வகுப்பின் நடுவே தம் சட்டைப்பையில் அதிர்ந்த கருவியை எடுத்துப் பார்க்கும் ஆசிரியர், "அதிபர் அழைப்பு" என்பர். அதிபரும் அதிலேயே சுற்றறிக்கை அனுப்புகின்றார். முதற்கண் இவ்வழக்கத்தை நிறுத்துதல் வேண்டும்.

தடை செய்யும் பாடசாலைகள், காலையில் வாங்கி, பெயரெழுதிப் பூட்டி, மாலையிற் கொடுத்தல் நன்று. காணாமற்போயிற் பொறுப்பு யாரதென்பதை முன்னரே பெற்றோர்க்கு எழுத்திற் கொடுக்க. தனி வகுப்பு முடிந்து இருளில் வீடு திரும்பும் மகளைப் பற்றித் தாய் கொள்ளும் அச்சம் பொய்யன்று. அவள் கைக்கருவியை வீட்டிலே வைத்துவரச் சொல்லுதல் கொடிது. பாடவேளையில் அத்தாய் மகளைத் தேடுவாளாயின், அலுவலகத் தொலைபேசியை எடுத்து விடைகூற ஒருவர் இருத்தல் வேண்டும். இப்பொழுது பெரும்பாலும் அது மணியடித்து ஓய்கின்றது.