பெயரும் காட்சியும்: அடையாற்று முகத்துவாரத்தில்

பெயர் தெரிந்தவர் பறவையைக் கூடுதலாகப் பார்க்கிறாரா, குறைவாகப் பார்க்கிறாரா? பறவை நோக்குதல் எழுப்பும் மிக முக்கியமான தத்துவக் கேள்வி இது. சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இந்தக் கேள்வியோடு நெருங்கிய உறவுடைய இடம். அதன் தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபை இருக்கிறது. சபையை ஒட்டிய கடற்கரையில்தான் 1909-இல் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, சபையின் முன்னணியாளரான லெட்பீட்டரின் கண்ணில் பட்டார். சொல் குறுக்கே வராமல் ஒரு மரத்தையோ பறவையையோ பார்க்க முடியுமா என்று பிற்காலத்தில் கிருஷ்ணமூர்த்தி விடாமல் கேட்டார். பெயர் பழைய நினைவிலிருந்து வருவது, எதிரே நிற்கும் உயிரை அது மறைத்துவிடுகிறது என்பது அவர் வாதம்.

சைவ சித்தாந்தம் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற நூலில், அறியும் வழிகளைப் பேசும் அளவைப் பகுதியில் காட்சியை ஆராய்கிறார். இதுவோ அதுவோ என்று இரட்டுற நினைப்பது ஐயம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரிவு. பெயர், சாதி, குணம், கன்மம் (செயல்), பொருள் என்ற ஐந்தோடு கூட்டி அறிவது விகற்பக் காட்சி. பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் அறிவது நிருவிகற்பம்.

ஓதம் வடிந்து ஆற்றின் சேறு வெளிப்படும் வேளையில் இந்தப் பாகுபாடு கண்முன்னே நடக்கிறது. சேற்றோரம் ஏதோ அசைகிறது என்பது முதல் அறிவு. அடுத்து வருவது ஐயம்: அது உள்ளானா, பொரி உள்ளானா? முதுகில் வெண்புள்ளிகள் செறிந்திருந்தால் பொரி உள்ளான். தோளருகே வெள்ளை மார்பு மேலேறித் தெரிய, பின்னுடல் ஓயாமல் ஆடினால் உள்ளான். முன்னது குணம், பின்னது கன்மம். வெண்கொக்குகளிலும் இதே சிக்கல் உண்டு. சின்னக் கொக்கின் அடையாளமான மஞ்சள் பாதம் சேற்றுக்குள் மறைந்திருக்கும். அது காலைத் தூக்கும்வரை கண் அங்கேயே காத்திருக்க வேண்டும். பார்வை மிகக் கூர்மையாக இருப்பது இந்த ஐயத்தில்தான். பெயரே வேண்டாம் என்பவருக்கு அந்தக் காத்திருப்பு வாய்ப்பதில்லை. அவருக்கு எல்லாம் கொக்கு.

ஆனால் கிருஷ்ணமூர்த்தியின் எச்சரிக்கையும் பொய்யில்லை. பட்டியலில் குறித்ததும் தொலைநோக்கியை அடுத்த பறவைக்குத் திருப்புகிறவரிடம் பெயர் உண்மையாகவே பார்வையை முடித்துவிடுகிறது. அரிய பறவைமீது கொண்ட ஆசை எளிய பறவையை அரியதாகக் காட்டும்போது நேர்வது திரிவு. இரண்டிலும் குற்றம் பெயருடையதன்று, அவசரத்தினுடையது.

அருணந்தியும் கிருஷ்ணமூர்த்தியும் சொல்லற்ற காட்சியை ஒரே இடத்தில் வைக்கவுமில்லை. சித்தியாரின் நிருவிகற்பம் பெயர் தோன்றுவதற்கு முந்திய நிலை. கிருஷ்ணமூர்த்தி கேட்பதோ பெயர்களை ஏற்கெனவே அறிந்த மனம் அவற்றை விலக்கிப் பார்ப்பதை. முதலாவது எல்லோருக்கும் ஒரு கணம் தானாக வாய்க்கிறது. இரண்டாவது பழக்கத்தால் வர வேண்டியது. நீண்டகாலம் பறவை நோக்கியவருக்கு அது கூடுதலாக வாய்க்கக்கூடும், அடையாளம் காண அவர் உழைக்க வேண்டியதில்லை என்பதால்.

கண்ணுக்கு எட்டாததை அறிவு மட்டுமே தர முடிகிற இடமும் உண்டு. குளிர்காலத்தில் முகத்துவாரச் சேற்றைக் கொத்தும் கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில். பறவையை எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அந்தத் தொலைவு தெரியாது. பெயர் தெரிந்தவருக்கே அது தெரியும்.