முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

என் மகனுக்கு முட்டை ஒத்துக்காது. மாட்டுக்கறி தின்று வளர்ந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. சொன்னால் சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். எங்களுக்கு அரூர் பக்கம் ஒரு காலனி. அவனுக்கு ஒரு வயசு ஆனபோது அவித்த முட்டையைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி. வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து ஐந்து வருசம் எங்கள் வீட்டில் முட்டை கிடையாது.

பள்ளிக்கூடம் சேர்த்த பிறகு இது வேறு கதையாகிவிட்டது. சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை தின்னாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். சைவக்காரப் பிள்ளைகளை நினைத்து வந்த பழம் அது. என் மகன் கையிலும் அதைக் கொடுத்து, மற்ற பிள்ளைகளின் தட்டு படாமல் தள்ளி உட்கார வைத்தார்கள். அவன் உயிருக்காகத்தான் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் வந்து கேட்டான்: "ஏம்மா, நான் மட்டும் ஏன் ஓரமா உக்காரணும்?"

மருத்துவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. எங்கப்பா டீக்கடை வாசலில் குத்துக்காலிட்டு, தனிக் குவளையில் டீ வாங்கிக் குடித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். 'தள்ளி உட்கார்' என்ற சொல் எந்தக் காரணத்துக்காக வந்தாலும் என் காதில் ஒரே மாதிரிதான் விழுகிறது.

முட்டையும் எங்களுக்குச் சும்மா கிடைத்த பண்டமில்லை. சத்துணவு 1982-இல் வந்தது. 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார்கள். முட்டை போடுகிற நாளில் நான் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2021 டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்தபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்து நின்றார்கள். ஏழைப் பிள்ளையின் தட்டில் விழும் ஒரு முட்டைக்குப் பின்னால் இவ்வளவு அரசியல் இருக்கிறது. அதை என் பிள்ளை தொட முடியவில்லை என்பதை ஏற்க எனக்கு மனசு வரவில்லை.

போன வருசம் ரத்தப் பரிசோதனையில் எண் குறைந்திருந்தது. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விட்டுவிடுமாம். "விட்டதா இல்லையான்னு ரத்தம் முழுசாச் சொல்லாது. ஊட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் வைத்து, துளியில் தொடங்கி, இருபது நிமிசத்துக்கு ஒரு தரம் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அட்ரினலின் ஊசி பக்கத்தில் தயாராக இருக்கும். சிறு அறிகுறி தெரிந்தாலும் நிறுத்திவிடுவார்கள். ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "நல்லாத்தானே இருக்கான். தெரிஞ்சே விசத்தை வாயில வைக்கணுமா?" அத்தை வேறு மாதிரி. "வீட்டுலயே நகக்கண்ணளவு குடுடி, பழகிடும்."

அத்தை சொன்னதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலக்கா கொடுக்காதீர்கள் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது. 2008-இல் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 2015-இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. கைக்குழந்தையிலேயே கடலக்காய் உணவு தின்ற பிள்ளைகளிடம் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைந்திருந்தது. பயந்து ஒதுக்கியதே சிலருக்குக் கேடாகியிருக்கிறது. ஆனால் அது ஒவ்வாமை வருமுன் காக்கிற வழி. ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் வைத்துப் பழக்குவது உயிரோடு விளையாடுவது. மூச்சு அடைத்தால் ஊசி போட எங்கள் காலனியில் யார் இருக்கிறார்கள்?

என்னை ரொம்ப நாள் தூங்கவிடாதது இன்னொரு கேள்வி. இந்தச் சோதனை யாருக்காக? அவனுக்காகவா, என் ரோசத்துக்காகவா?

2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கசாதிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து தகராறு செய்தார்கள். அவர் கை பட்ட சோறு தங்கள் பிள்ளைகளுக்கு ஒத்துக்காதாம். அதைத் தின்று எந்தப் பிள்ளைக்குத் தடித்தது, எந்தப் பிள்ளைக்கு மூச்சடைத்தது? சாதி ஒருபோதும் சோதனைக்கு வராது. வந்தால் பொய் என்று தெரிந்துவிடும். என் மகனின் உடம்பு அப்படிப் பொய் சொல்லவில்லை. அது சொன்ன 'ஒத்துக்காது' சத்தியமான சொல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது நான்தான். சாதிமேல் எனக்கிருக்கிற கோபத்தை ஆறு வயசுப் பையனின் தொண்டையில் வைத்துச் சோதிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெற்றவள் என்ற உரிமை மட்டும் போதாது தோழர்களே. கம்மம் மாவட்டத்தில் ஆதிவாசிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் நடந்தது. அதில் பல சிறுமிகளுக்கு அப்பா அம்மாவைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டது 2010-இல் வெளியே வந்தது. நம் பிள்ளைகளின் உடம்புக்கு மற்றவர்கள் கையெழுத்துப் போட்டே பழக்கப்பட்டவர்கள். அதனால் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆபத்து யாருக்கு? பலன் யாருக்கு? நிறுத்து என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? ஆபத்து பிள்ளைக்கு என்றால் பலனும் அவனுக்கே இருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரத்தில் அவனுக்கும் பங்கு வேண்டும்.

அவனிடமே கேட்டேன். ஆறு வயசுக்குப் புரிகிற மாதிரி எல்லாம் சொன்னேன். "அரிச்சா சொல்றேன், உடனே நிறுத்திடணும்" என்றான். "சரி" என்றேன். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

மூன்று துளிக்கு ஒன்றுமில்லை. நாலாவது அளவில் "வாயோரம் அரிக்குதும்மா" என்றான். பார்க்கப் பார்க்கக் கன்னத்தில் தடிப்பு ஏறியது. நிறுத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள். அட்ரினலின் தேவைப்படவில்லை. சாயங்காலம் வரை வைத்திருந்து, அடுத்த வருசம் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர், "நான் சொன்னேன்ல" என்றார். விளைவை வைத்துப் பார்த்தால் அவர் ஜெயித்தார். ஆனால் எடுத்த முடிவு தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. நேற்று வரை பயத்தால் ஒதுங்கியிருந்தோம். இன்று தெரிந்து ஒதுங்குகிறோம். எந்த அளவு வரை தாங்குவான் என்று தெரிகிறது. அதைவிட, அவன் நிறுத்து என்றதும் வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் நிறுத்தினார்கள். எங்கப்பா காலத்தில் எங்கள் சொல்லுக்கு யார் நின்றார்கள்?

மறுநாள் பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் ஒன்று கேட்டேன். முட்டை அவன் தட்டில் படக் கூடாது, அது சரி. அதற்காக அவன் ஓரத்தில் உட்கார வேண்டுமா? வாழைப்பழம் தின்கிற மற்றப் பிள்ளைகளோடு பந்தி வரிசையிலேயே உட்காரட்டுமே? கொஞ்சம் யோசித்தார். சரி என்றார்.

இப்போது வரிசையில் உட்கார்ந்துதான் வாழைப்பழம் தின்கிறான். அடுத்த வருசம் மறுபடி போவோமா என்று கேட்கிறீர்களா? அவனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.