யார் என்பதா கேள்வி?

அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். “நல்லாருக்கும், படிச்சுப் பாருங்க மாமா” என்று இளைஞர்களுக்கான கொலைமர்ம நாவல் ஒன்றைக் கொடுத்தாள். ஒரே ராத்திரியில் முடித்தேன். ஊரே கும்பிடுகிற பெரிய மனுசன்தான் கொலைகாரன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கடைசியில் கண்டுபிடிக்கிறது. போலீஸ் வந்து விலங்கு மாட்டுகிறது. முற்றும். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

“ஆளு யாருன்னு முதல்லயே தெரிஞ்சு போச்சாக்கும்?” என்றாள். அது இல்லை தாயி.

இந்த வகைக் கதைக்கு நான் புதுசில்லை. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசல் ஊரில், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு வந்து, தமிழ்வாணனின் சங்கர்லாலைத் தெருவிளக்கில் படித்தவன். சங்கர்லால் தேநீர் குடித்தால் துப்புக் கிடைத்துவிடும். யார் என்று தெரிந்துவிட்டால் நியாயமும் கிடைத்துவிடும். அதை நம்பித்தான் வளர்ந்தேன்.

நம் கொலைகளில் யார் என்பதா ரகசியம்? 1997 ஜூன் 30 அன்று மேலவளவில், ஊராட்சித் தலைவரான குற்றத்துக்காக முருகேசனையும் உடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், பஸ்ஸை மறித்து. துப்பறிய அங்கே என்ன இருந்தது? கண்ணால் பார்த்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாட்சி சொன்னார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாவல் என்றால் அங்கேயே முற்றும் போட்டிருப்பார்கள். 2019இல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. சொத்தும் காரும் உள்ள மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். நாவலில் பெரிய மனுசனைத்தான் கடைசியில் பிடிக்கிறார்கள். கோர்ட்டில் பெரிய மனுசனாக இருந்ததே அவனைக் காப்பாற்றிவிட்டது.

இதெல்லாம் ஊரறிந்த கதை. நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. சங்கர்லால் படித்துத் திரிந்த அந்த வருசம், எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கிணற்றில் மிதந்தார். கூலி பாக்கி கேட்டுச் சண்டை போட்டவர். தவறி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். முந்தின நாள் பொழுது சாய அவரை யார் கூட்டிக்கொண்டு போனது என்று நான் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். “நீ எதையும் பாக்கல. நாளைக்கும் அவுக காட்டுலதான் பருத்தி எடுக்கணும்” என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அன்று ராத்திரியும் புத்தகம் படித்தேன். அதில் கொலைகாரன் பிடிபட்டான். நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதிதான் இன்றைக்கு உறுத்துகிறது. தெரியாததைக் கண்டுபிடிக்கிறவனைக் கொண்டாடுகிற கதை, தெரிந்ததைச் சொல்லாதவனை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நமக்குத் துப்பறிகிறவன் கிடைக்காமல் நியாயம் கெடவில்லை. சாட்சி சொல்ல ஆள் இல்லாமல், சொன்னவனுக்குக் காவல் இல்லாமல் கெட்டது.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “யாரு மாமா அது?” என்று கேட்டாள்.

இத்தனை வருசத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னேன்.