மண்டகப்படியும் உணவுத் திருவிழாவும்: மதுரையின் நடுவே ஒரு சமயக் கேள்வி

களையிழந்த நகர மையத்துக்கு மீண்டும் உயிரூட்டுவதற்காகக் கலையரங்குகள் அமைப்பதும், உணவு வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி உணவுத் திருவிழா நடத்துவதும் இன்று பல நாடுகளின் நகர நிர்வாகங்கள் விரும்பிக் கையாளும் வழிகளாகிவிட்டன. வந்த கூட்டத்தையும் நடந்த விற்பனையையும் கொண்டே இவற்றின் வெற்றி தோல்வி அளக்கப்படுகிறது. ஆயினும் இந்த முயற்சிகளின் அடியில், பொருளியல் கணக்குக்குள் அடங்காத ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது: ஒரு பயனை நாடி மனிதர் திட்டமிட்டு எடுக்கும் விழா உண்மையான விழாவாக இருக்க முடியுமா, அல்லது அது விழாவின் கோலம் பூண்ட சந்தை மட்டும்தானா? இக்கேள்வியை ஆராய மதுரையைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது; கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த அந்நகரின் மையம் நூற்றாண்டுகளாக விழாக்களாலேயே உயிர்த்திருக்கிறது.

விழாவுக்கும் நகரின் வாழ்வுக்கும் உள்ள தொடர்பைத் தமிழில் மிகக் கடுமையாகச் சொன்ன நூல் மணிமேகலை. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடைபெற்ற இந்திர விழாவை அறிவிக்கும் விழாவறை காதையுடன்தான் அக்காப்பியமே தொடங்குகிறது. பின்னர், மகனை இழந்த துயரில் சோழ மன்னன் அவ்விழாவை எடுக்க மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்று அது கூறுகிறது. இதைத் தெய்வத்தின் சினம் என்று மட்டும் படிப்பது போதாது. ஊர் ஒன்றுகூடும் நாளை ஊரே மறந்துவிட்டால் அங்கே வீடுகளும் தெருக்களும் எஞ்சலாம், ஊர் எஞ்சாது என்ற தெளிவு அக்கதைக்குள் இருக்கிறது.

இதற்கு எதிர்நிலையில் நின்று சிந்தித்தவர் ஜெர்மானியக் கத்தோலிக்க மெய்யியலாளர் ஜோசப் பீப்பர். விழா என்பது உலகம் நல்லது என்று மனிதர் மனமாரச் சொல்லும் இசைவு என்றும், வேறொரு பயனுக்குக் கருவியாக்கப்பட்ட கணமே அது வெறுமையாகிவிடும் என்றும், அரசுகள் செயற்கையாகப் படைக்கும் விழாக்கள் இக்காரணத்தால் உள்ளீடற்றவை என்றும் அவர் வாதிட்டார். சைவ மரபும் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வருகிறது. கோயிலின் ஆண்டுப் பெருவிழாவாகிய பிரமோற்சவத்தை அது இறைவனின் ஐந்தொழில்களின் வெளிப்பாடாகக் காண்கிறது. கொடியேற்றத்தில் படைத்தலும் தேரோட்டத்தில் அழித்தலும் குறிக்கப்படுவதாக விளக்குகிறது. ஆகவே விழாவை நடத்துபவன் இறைவன், மனிதர் அதில் பங்குகொள்பவர் மட்டுமே. இவ்விரு கொள்கைகளையும் அப்படியே ஏற்றால், நகர மையத்தை மீட்கும் நோக்கில் எடுக்கப்படும் எந்த விழாவும் பொய்யாகிவிடும்.

ஆனால் மதுரையின் வரலாறு அந்த முடிவை ஏற்பதாக இல்லை. திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) திருச்சிராப்பள்ளியிலிருந்து தலைநகரை மதுரைக்கு மாற்றியபின், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர்மலைக் கோயிலின் திருமாலாகிய அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதற்குமுன் அழகர் மதுரையில் ஆற்றில் இறங்கவில்லை. விளாங்குடியைத் தாண்டி, சமயநல்லூர்ப் பக்கம் வைகைக் கரையில் உள்ள தேனூரில்தான் இறங்கினார். சைவப் பெருங்கோயிலின் விழாவும் வைணவக் கோயிலின் விழாவும், நகரத்தாரின் கூட்டமும் நாட்டுப்புறத்தாரின் கூட்டமும் ஒரே பருவத்தில் ஒரே ஊரில் சேருமாறு ஓர் அரசர் வகுத்த திட்டம் அது. தலைநகரின் நடுவில் மக்களையும் வணிகத்தையும் குவிக்க இன்றைய நகரத் திட்ட வல்லுநர் எவரும் இதைவிடத் துணிச்சலான ஏற்பாட்டைச் செய்துவிட முடியாது. இன்று சித்திரை விழாவுக்குக் கூடும் மக்களிடம் சென்று, இது அரசியல் கணக்கில் பிறந்த விழா, ஆகவே உள்ளீடற்றது என்று யாரேனும் சொன்னால், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் கண்ணீரோடு நிற்கும் மூதாட்டியின் முன் அந்தச் சொல் நிற்காது. விழாவின் புனிதத்தை அதன் பிறப்பில் தேடுவது பிழை. பீப்பரின் கொள்கை தடுமாறும் இடம் இதுவே.

அப்படியானால், திட்டமாகப் பிறந்த ஒன்று எவ்வாறு விழாவாக ஆயிற்று? அதற்கான விடை மண்டகப்படி என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. சாமி புறப்பட்டு வரும் வழியில் ஒரு குடும்பமோ, சமூகமோ, தொழிற்குழுவோ தனக்குரிய மண்டபத்தில் சாமியை நிறுத்தி, வழிபாடு செய்து, கூடியிருப்போருக்கு உணவும் நீர்மோரும் பானகமும் வழங்கும் உரிமையே மண்டகப்படி எனப்படுகிறது. அது உரிமையாக இருப்பதுபோலவே தவறாமல் செய்தாக வேண்டிய கடமையுமாகும். அழகர்மலையிலிருந்து வண்டியூர் வரையிலான வழியில் அழகர் இத்தகைய நூற்றுக்கணக்கான மண்டபங்களில் தங்கிச் செல்கிறார். அந்த மண்டபங்களுக்கு உரியவர்களுக்கு விழா வேடிக்கை பார்க்கும் காட்சியன்று. அவர்கள் இல்லாவிட்டால் சாமியின் பயணம் அந்த இடத்தில் குறைப்பட்டுப் போகும். அழகர் வழிபாட்டில் வெவ்வேறு சாதியார்க்கு உள்ள பங்கையும் உறவையும் தொ. பரமசிவன் தமது ‘அழகர் கோயில்’ ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான் என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். அந்நாள்வரை கருவறையின் பக்கமே செல்ல முடியாதவர்களும் ஆற்று மணலில் நின்று அழகரைக் கண்டனர். கோயில் மூடிவைத்திருந்த கதவை விழாவின் வீதி திறந்து வைத்திருந்தது.

இந்த விழாவில் உணவு பெறும் இடமும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அடியாருக்கு உணவளிப்பதையே வழிபாடாகக் கொள்ளும் மாகேசுர பூசை என்ற மரபு சைவத்தில் உண்டு. திருக்கல்யாணத்தன்று மதுரையில் பல்லாயிரம் பேருக்குக் கல்யாண விருந்து பரிமாறப்படுகிறது. உண்டவர்களும் சொந்தக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர்போல் மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த மொய் உணவின் விலையாகாது; விலை கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடும், மொய் எழுதினால் உறவு தொடங்கும். இன்றைய உணவுத் திருவிழாவில் நுழைபவர் வாடிக்கையாளர். இந்த விருந்தில் அமர்பவர் மணமகளின் வீட்டார். ஒரே சோறு இருவேறு மனிதரை உருவாக்குகிறது என்பதுதான் உணவுத் திருவிழா நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆயினும் இலவசமாகக் கொடுப்பதே போதும் என்று முடிவு கட்டிவிட முடியாது. மணிமேகலை மதுரையிலேயே நடந்ததாகச் சொல்லும் ஆபுத்திரன் கதை இங்கே எச்சரிக்கையாக நிற்கிறது. சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, கண்ணில்லாதோர்க்கும் காலில்லாதோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பிச்சை எடுத்து உணவளித்த அவனுக்கு அத்தெய்வம் அமுதசுரபியைத் தந்தது. வரம் தர வந்த தன்னை அவன் எள்ளி நகைத்ததைப் பொறாத இந்திரன் பாண்டிய நாட்டில் மழை பொழிவித்து வளம் பெருக்கினான். பசித்து வருவோர் அற்றுப்போக, பசித்தோர் கூடிய அதே அம்பலம் வேலையற்ற காமுகரும் சூதாடிகளும் பொழுது போக்கும் இடமாகியது. அம்பலம் அங்கேயே இருந்தது, கூட்டமும் இருந்தது. அங்கே கூடுவதற்கான காரணம் மட்டும் போய்விட்டது. இந்த வேறுபாட்டைக் காணத் தவறும் எந்த நகர மீட்பும், நிறைந்த அரங்கைக் கண்டு நிறைந்த ஊர் என்று மயங்கிவிடும்.

வணிகம் என்பதனாலேயே அது புனிதத்துக்குப் பகை என்று கொள்வதும் மதுரைக்குப் பொருந்தாது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி பகற்சந்தையாகிய நாளங்காடியையும் இரவுச்சந்தையாகிய அல்லங்காடியையும் விழாக்களோடும் வழிபாட்டோடும் சேர்த்தே அந்நகரின் சிறப்பாகப் பாடுகிறது. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கெனக் கட்டிய புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் இருந்தனர். அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுவோரின் உடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன, தைத்தவர்களில் இசுலாமியரும் இருந்தனர். அந்தத் தையல் எந்திரங்களின் ஓசையும் விழாவின் ஒரு பகுதிதான். மறுபுறம், 2018 பிப்ரவரி 2 இரவு கிழக்குக் கோபுரத்தை அடுத்த வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ அங்கிருந்த கடைகளையும் மண்டபத்தின் கற்களையும் ஒருங்கே அழித்தது. கோயிலுக்குள் கடைகள் இருப்பது பற்றிய கேள்விக்கு அந்தத் தீ ஒரு கொடிய விடையைத் தந்துவிட்டது. கோயிலினுள்ளிருந்த கடைகள் அகற்றப்பட்டன. பின்னர் புதுமண்டப வணிகர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டனர். பழமையான கல்லைக் காப்பதற்காக இம்மாற்றம் தேவைதான். எனினும் மண்டபம் தூய்மை பெற்றதால் மட்டும் விழா தூய்மை பெறாது என்பதையும், அந்த வணிகரின் இடம் மாறினாலும் விழாவில் அவர்களுக்குள்ள பங்கு மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பொலிவுறு நகரம் என்னும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016இல் தேர்வான மதுரையில் சித்திரை வீதிகள் நடப்பவர்க்கு உரியனவாகச் செப்பனிடப்பட்டன. பெரியார் பேருந்து நிலையம் புதிதாக எழுந்தது. தமுக்கம் மைதானத்தில் பெரிய அரங்கம் 2022இல் திறக்கப்பட்டது. 2013இல் ‘மாமதுரை போற்றுவோம்’ என்ற பெயரிலும், 2024இல் மாமதுரை விழா என்ற பெயரிலும் கலையும் உணவும் சேர்ந்த நகர விழாக்கள் நடந்தன. இவற்றைச் செயற்கை என்று ஒதுக்குவது, மேலே சொன்ன காரணத்தால், நியாயமாகாது. இவற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்விழாவில் யாருக்கு மண்டகப்படி உண்டு? கட்டணம் கட்டிக் கடை பிடிக்க வல்லவர்க்கு மட்டும் இடம் தந்து, ஆண்டெல்லாம் இரவு நெடுநேரம் வரை சுமை தூக்குவோர்க்கும் ஓட்டுநர்க்கும் இட்லியும் கறிதோசையும் பருத்திப்பாலும் கொடுத்துவரும் தள்ளுவண்டிக்காரரை விழா நாளில் மட்டும் ஓரங்கட்டும் உணவுத் திருவிழா, மதுரையை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்தவர்களையே மதுரையின் பெயரால் விலக்குகிறது. தெரு வணிகர் பாதுகாப்புச் சட்டம் (2014), ஒவ்வொரு நகர விற்பனைக் குழுவிலும் தெரு வணிகரின் பிரதிநிதிகள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. மண்டகப்படி என்ற பழைய நியாயத்தின் இன்றைய சட்ட வடிவமாக இதைக் கொள்ளலாம்.

விளாங்குடி போன்ற பகுதிகளின் நிலையிலிருந்து பார்க்கும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. திண்டுக்கல் சாலையில் தனிப் பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2011இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. வரி செலுத்துவதில் மாநகரின் பகுதியாகிவிட்ட அவ்வூரார், நகர மையத்தின் விழாக்களுக்கு இன்னமும் பேருந்தேறி வந்து பார்த்துவிட்டுத் திரும்புபவராகவே இருக்கின்றனர். மையம் பொலிவதற்காக விளிம்பு எதையோ இழப்பது மதுரையில் புதிதன்று. அழகரின் ஆற்றிறக்கம் நகருக்கு வந்தபோது தேனூர் தன் விழாவை இழந்தது. ஆனால் அக்காலத்தார் தேனூரை மறந்துவிடவில்லை. வண்டியூர் வைகையில் அழகர் மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. இழந்த ஊருக்கு விழாவின் நடுவிலேயே ஓரிடம் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது.

நகர விழாக்களைத் திட்டமிடும் மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் குறைந்தபட்சம் அந்த அளவு நியாயத்தையாவது பின்பற்ற வேண்டும். அடுத்த மாமதுரை விழாவில் விளாங்குடிக்கும் பின்னாளில் இணைக்கப்பட்ட பிற ஊர்களுக்கும் ஒவ்வொரு நாளின் பொறுப்பும், அந்த நாளில் தங்கள் கலைஞரை மேடையேற்றவும் வந்தோர்க்கு ஒருவேளை உணவளிக்கவும் உரிமையும் எழுத்துபூர்வமாக ஒதுக்கப்படட்டும். தள்ளுவண்டிக்காரர்களுக்குக் கட்டணமின்றி முதல் வரிசை தரப்படட்டும்.