கடைசி மூட்டை

என் மேசை மேல் உடைந்த இரும்புத் துண்டு ஒன்று கிடக்கிறது. கட்டைவிரல் தடிமன், ஒரு சாண் நீளம். மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றின் பின்பக்க அச்சு. அந்த வண்டியைச் செய்தவன் நான். அது உடைந்தபோது கீழே விழுந்தவர் வேறொருவர்.

2020 ஊரடங்குக் காலம். கோவையில் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "மேட்டுல தள்ள முடியறதில்லீங் தம்பி, தோள்பட்டை போச்சு" என்று ஒருநாள் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு கோட் எழுதப் போனவன். கையால் ஒரு பொருளைச் செய்து பல வருடம் ஆகியிருந்தது. மிதிக்கிற வண்டி ஒன்று செய்து தருகிறேன் என்றேன். காசு வேண்டாம் என்றும் சொன்னேன். இதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டியின் சட்டம், தட்டு, ஹேண்டில்பார் எல்லாம் வெல்டிங் தெரிந்தால் வந்துவிடும். அச்சில்தான் விஷயமே. சைக்கிளில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஃபோர்க் பிடித்துக்கொள்வதால், பத்து மில்லிமீட்டர்கூட இல்லாத அச்சு ஓர் ஆளைத் தாங்கிவிடுகிறது. அதே சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியில் மாட்டினால் அச்சு வளைந்துவிடும். வீட்டில் வண்டி செய்கிற பலரும் முதலில் செய்யும் தப்பு இது. அதை நான் செய்யவில்லை என்று எனக்குப் பெருமை. 20 மி.மீ. உருட்டுக் கம்பி வாங்கினேன். சட்டத்துக்குக் கீழே இரண்டு பிளம்மர் பிளாக், அவற்றுக்குள் அச்சு, அச்சின் முனைகளில் சக்கரங்கள். செயின் அச்சைச் சுழற்றும். ஒரு சக்கரம் மட்டும் அச்சோடு இறுக்கமாக இருக்கும். மற்றது தன் பேரிங்கில் தனியாகச் சுற்றும். இரண்டையும் இறுக்கினால் வளைவில் திரும்பும்போது ஒன்று தரையில் உரசி இழுபடும்.

ஒரு சிக்கல் இருந்தது. வாங்கி வைத்திருந்த சக்கரங்களின் நடு ஓட்டை 16 மி.மீ. அதனால் அச்சின் முனைகளை லேத்தில் கடைந்து 16க்குக் குறைக்க வேண்டும். பட்டறை அண்ணன் கேட்டார்: "படி வர்ற மூலைய ஷார்ப்பா விடட்டுங்ளா, இல்ல கொஞ்சம் ரேடியஸ் குடுக்கட்டுங்ளா?" ரேடியஸ் கொடுத்தால் சக்கரம் படியில் ஒட்டி உட்காராது, நடுவில் ஒரு வாஷர் போட வேண்டும். அந்த வாஷர் என் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. "ஷார்ப்பாவே இருக்கட்டுங்ணா" என்றேன்.

வண்டி ஐந்து மாதம் ஓடியது. ஒரு காலையில், மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில், அச்சு முறிந்து வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தினமும் விற்றால்தான் தினமும் அடுப்பு என்கிற வீட்டுக்கு ஆறு வாரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பார்க்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "உங்க மேல தப்பில்லீங் தம்பி. நாந்தான் அன்னிக்கு ஒரு வெங்காய மூட்டைய சேத்திப் போட்டுட்டேன். வண்டி என்னங்க பண்ணும்?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். முறிவு சரியாக அந்தப் படியின் மூலையில். முகத்தின் பெரும்பகுதி வழவழப்பாக, பழுப்பேறி, கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள் போல வரிவரியாக இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் பகுதி மட்டும் சொரசொரப்பாக, புதிதாக மின்னியது. கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. வழவழப்பான பகுதி, விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்த இடம். சொரசொரப்பான பகுதி, கடைசி நொடியில் பிய்ந்த இடம். அது சின்னதாக இருந்தால், கடைசியில் வந்த பாரம் பெரிதல்ல என்று அர்த்தம். வெங்காய மூட்டை வந்தபோது அந்த அச்சு ஏற்கெனவே முக்கால்வாசி செத்திருந்தது.

எப்படி? சுழலும் அச்சில், கீழ்ப்பக்கம் இழுபடும்போது மேல்பக்கம் நசுங்கும். அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து உடைப்போமே, அதுதான், மிகச் சிறிய அளவில். 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 தடவை சுற்றும். தினம் பத்து கிலோமீட்டர், ஐந்து மாதம் என்றால் ஆறரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் கூர்மையான மூலை அழுத்தத்தைத் தன் மேல் குவித்துக்கொள்ளும். இது போதாதென்று, கம்பியின் வளைவு பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் போகும். 20ஐ 16 ஆக்கியதில் அந்த இடத்தின் பலம் பாதியாகிவிட்டது. குறைத்தது வெறும் 4 மி.மீ.

இது புதிய அறிவும் இல்லை. 1842 மே மாதம் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிர்வில் இரும்பின் உள்தன்மையே மாறிவிடுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். அடுத்த வருடம் வில்லியம் ராங்கின் என்ற இளம் பொறியாளர், முறிவு படியின் மூலையில் விரிசலாகத் தொடங்கி உள்ளே வளர்கிறது என்றும், மூலையை வளைவாக்க வேண்டும் என்றும் எழுதினார். பட்டறை அண்ணன் ராங்கினைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வி அதேதான். படித்த நான்தான் வேண்டாம் என்றேன்.

அச்சு முறிவதைப் பற்றித் திருக்குறளில் ஒரு குறள் உண்டு. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது பொருள். ஏற்றியவன் தப்பு என்று நாம் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது இருக்கும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல். பலத்தை அறிந்திருக்கக்கூடியவனிடம்தான் அந்தக் குறள் பேசுகிறது. என் அச்சின் பலத்தை அறிந்திருக்கக்கூடியவர் யார்? காய்கறிக்கார அண்ணனுக்குத் தெரிந்தது பெயின்ட் அடித்த ஒரு கம்பி. அந்த மூலை இருப்பது எனக்கும் பட்டறைக்காரருக்கும்தான் தெரியும். கடைசி மூட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், மூலை தெரியாது. அதனால் பழி எப்போதும் மூட்டைக்குப் போகிறது.

என் தொழிலிலும் இதையேதான் செய்கிறோம். சர்வர் விழுந்த அன்று கடைசியாக யார் என்ன மாற்றினார்கள் என்று தேடுவோம். மூன்று வருடம் முன்னால் யாரோ அவசரத்தில் விட்ட மூலையைத் தேட நேரம் இருக்காது. அந்த யாரோ பெரும்பாலும் அதே அறையில், அமைதியாக, உட்கார்ந்திருப்பார்.

இப்போது காசு வாங்காத விஷயம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களின் உரிமத்தில் 'உள்ளபடியே தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. சும்மா கொடுப்பவனிடம் என்ன கேட்பது? ஆனால் அண்ணன் ஏன் பழியைத் தானாகவே ஏற்றுக்கொண்டார் என்று யோசித்தால், நான் காசு வாங்காததுதான் காரணம். ஐயாயிரம் வாங்கியிருந்தால் அன்றைக்கே என்னைப் பிடித்துத் திட்டியிருப்பார். தானம், வாங்கியவரின் வாயைக் கட்டிவிட்டது. அச்சில் நான் செய்தது கவனக்குறைவு. ஆனால் உடைந்த முகத்தைப் படித்த பிறகும் நான் பேசாமல் இருந்தால், அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஆனாலும் ஐந்து வாரம் பேசாமல்தான் இருந்தேன். வீட்டுக்கு மளிகை வாங்கிப் போட்டேன், மருத்துவச் செலவைக் கொடுத்தேன். அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல இன்னும் மோசமாக இருந்தது. கட்டுப் பிரிக்கும் வாரத்தில் அச்சுத் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வெங்காயத்தால இல்லீங்களா?"

"இல்லீங்ணா."

உள்பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, கேட்டுக்கிட்டயா?" என்றார். "ஒரு மாசமா அதையே சொல்லிச் சொல்லித் திட்டறாளுங்க." நான் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குள் அவர் என் பழியைச் சுமந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தெரிஞ்சே ஏனுங் தம்பி அப்படி விட்டீங்க?" குரலில் கோபம் இருந்தது. வாஷர் அசிங்கமாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேங்ணா" என்றேன்.

புது அச்சு 25 மி.மீ. சக்கரங்களின் புஷ்ஷை மாற்றி, அதே அளவு பிளம்மர் பிளாக் போட்டு, படியே இல்லாமல் நேராக விட்டோம். பழைய மூலையோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பலம். எவ்வளவு ஏற்றலாம் என்று தட்டின் ஓரத்தில் பெயின்ட்டில் எழுதினேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "இந்த வாட்டி காசு வாங்கிக்குங் தம்பி. ஏதாச்சும்னா கேக்கோணுமல்ல."

வாங்கிக்கொண்டேன்.