சுவரின் நஞ்சும் அறிந்தவன் கடனும்

தனக்கு உரிமையில்லாத வீட்டிலே தலைமுறை தலைமுறையாக வாழும் ஒருவன், அவ்வீட்டின் கதவிலோ சன்னலிலோ நஞ்சு இருக்கக்கூடும் என அறிய நேர்ந்தால், அதனை அகற்றும் கடமை யாருக்கு உரியது? வாழ்பவனுக்கா, உடையவனுக்கா, அல்லது நஞ்சு உண்டென்று சோதித்துச் சொன்னவனுக்கா? பதுளை மாவட்டத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது வகுப்பறையோடு முடிந்துவிடும் வினா அன்று.

இங்கே நஞ்செனக் குறிக்கப்படுவது ஈயம். எனாமல் பூச்சுக்கு நிறமும் உறுதியும் விரைந்து உலருந் தன்மையும் தரும்பொருட்டு ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் அதிலே கலக்கப்பட்டு வந்தன. லயன் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் பற்றி இவ்வகையில் அஞ்சவேண்டியதில்லை. ஐயத்துக்குரியவை எனாமல் பூசிய பழைய கதவும் சன்னலும் தொட்டிலுமே. பூச்சு உரியும்போதும், கதவு நிலையோடு உராயும்போதும், தீபாவளிக்குப் புதுப்பூச்சுப் பூசுவதற்காகப் பழையதை அரத்தாளால் உலரத் தேய்க்கும்போதும் அது நுண்டூளாகித் தரையிற் படிகின்றது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கின்றது. உட்கொண்ட ஈயத்தில் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் பங்கு வளர்ந்தோர் ஈர்ப்பதினும் நான்கைந்து மடங்காகும். பாதிக்கப்படுவது வளரும் மூளை. தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இவ்வுண்மை நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்து மருத்துவர் லொக்ஹார்ட் கிப்சன், பிள்ளைகளின் ஈய நஞ்சேற்றத்துக்கு வீட்டு விறாந்தைகளின் பூச்சே காரணமென 1904இல் எழுதினார். நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்ட தீங்கு எத்தனை நாடுகளில் அண்மைக்காலம் வரை விலைக்கு விற்கப்பட்டது என்பதை எண்ணுகையில், அறிவு தானாகவே அறமாகிவிடும் என்ற நம்பிக்கை ஆட்டங்காணுகின்றது.

இலங்கையில் 2011இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பூச்சுகளில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு எல்லை விதித்தது. எனாமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, எமல்சனுக்கு 90 பங்கு என்ற அவ்வரையறை 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. போற்றத்தக்க செயலே. ஆயினும் அது கடையில் விற்கும் தகரத்தைக் கட்டுப்படுத்துவது. ஏற்கனவே கதவில் ஏறிவிட்ட பூச்சை அன்று. பழைய கதவு வீட்டுக்காரனின் பொறுப்பென்று சட்டம் விட்டுவிட்டது எனலாம். தோட்டத்தில் வீட்டுக்காரன் யார்? காணி அரசுடையது, 1992 முதல் தோட்டங்களை நடத்துவன கம்பனிகள், குடியிருப்பதோ கொழுந்து பறிப்பவளின் குடும்பம். மூவருக்குமிடையே கதவு மட்டும் அநாதையாக நிற்கின்றது.

நஞ்சு ஒன்றாயினும் தீங்கு ஒன்றாக இருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. இரும்பும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக ஈர்க்கும். 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் 17.3 வீதம், தோட்டத்துறையிலோ 31.7 வீதம். போசாக்குக் குன்றிய பிள்ளையின் வீட்டிலும் கொழும்பு மாளிகையிலும் ஒரே பூச்சு இருந்தாலும், அவ்விரு வீடுகளும் ஒரே அளவு ஆபத்துடையன அல்ல.

கையைக் கழுவு, தரையை ஈரத்துணியால் துடை, உலரச் சுரண்டாதே என்று குடியிருப்போருக்கு அறிவுரை கூறுவது எளிது. அவ்வறிவுரை தவறுமன்று, ஈரமாக்கிச் சுரண்டுவதும் தூளைத் துடைத்தெடுப்பதும் உண்மையிலே பயன் தருவன. ஆனால் பகல் முழுவதும் மலையில் நிற்பவளிடம், பீலித் தண்ணீரைக் குடத்தில் சுமப்பவளிடம், நஞ்சின் முழுப்பொறுப்பையும் ஒப்படைப்பது நேர்மையாகுமா?

அறிவித்துவிட்டால் கடமை தீர்ந்தது எனக் கருதுவோர் மீரியபெத்தையை நினைவுகூர வேண்டும். கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டம் மண்சரிவு அபாயமுடையதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கு மேற்பட்டோரை அம்மண் கொண்டது. “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்ற குரல் பின்னர் எழுந்தது. செய்யக்கூடியதையே கடமையாக விதிக்கலாம் என்பது கான்ற் முதலானோர் வழிவந்த கொள்கை. போவதற்கு மாற்றிடம் இல்லாதவனிடம் போ என்பது எச்சரிக்கையாகலாம். அவன்மேற் பழிசுமத்தும் உரிமையை அது எவருக்கும் தருவதில்லை.

அப்படியாயின், அகற்ற வழியில்லாதபோது சோதிக்காமலே விட்டுவிடுதல் மேலன்றோ? குழந்தை உறங்கும் அறையில் நஞ்சுண்டென அறிந்தும் அங்கேயே இரவைக் கழிக்கும் தாயின் துயரை எண்ணுவோருக்கு இக்கேள்வி கொடியதாகத் தோன்றாது. ஆயினும் இங்கே இரக்கம் வழிதவறுகின்றது. அறியாமை தாயைக் காப்பதில்லை, உடையவனைத்தான் காக்கின்றது. அறிந்திருக்கக்கூடியதை அறியாதிருந்தவன் தன் அறியாமையைச் சாட்டாகக் காட்டமுடியாது என அரிஸ்ரோட்டில் கொண்டதன் பொருத்தம் இவ்விடத்தே புலனாகும். சோதனை முடிவு கையிலிருந்தால் தாய் தொட்டிலை இடம்மாற்றவாவது கூடும். கதவைக் காட்டிக் கேட்கவும் கூடும்.

எனினும் சோதிப்பவனும் தப்பிவிடலாகாது. அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் 1990களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஏழைகளின் வாடகை வீடுகளில் ஈயத்தை முற்றாக அகற்றாது, செலவு குறைந்த பலவகைத் திருத்தங்களைச் செய்து, அங்கு வாழ்ந்த பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுகின்றதா என அளந்தனர். முழுமையாக அகற்றுவதென்றால் உடைமையாளர் வீடுகளைக் கைவிட்டுவிடுவர், பிள்ளைகள் இதனினும் கேடான வீடுகளுக்கே செல்வர் என்பது ஆய்வாளரின் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மேரிலாந்து மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல், ஆய்வில் பங்குகொண்ட பிள்ளைகள்மீது ஆய்வாளருக்குத் தனிக்கடமை எழக்கூடும் எனக்கொண்டு, கீழ்நீதிமன்றம் முழு விசாரணையின்றி அவ்வழக்குகளைத் தள்ளியது தவறெனத் தீர்த்தது. பிள்ளையின் இரத்தத்தை அளவுகோலாகக் கொண்டு வீட்டை அளந்ததே அங்கு மனச்சான்றை உறுத்திய செய்தி.

எனவே தோட்டத்துக்குச் சோதனைக் கருவியோடு செல்பவர், பல்கலைக்கழகத்தவரேயாயினும், முடிவை யாரிடம் எம்மொழியில் கூறுவது, கதவை மாற்றும் செலவை யார் ஏற்பது என்பனவற்றை முதலில் தீர்த்துக்கொண்டே மலையேறவேண்டும். முடிவு தோட்டத்துரையின் மேசைக்கு மட்டும் போய்ச் சேருமாயின், அது தோட்டத்தின் இரகசியமாகிவிடும். லயத்துக்குப் போய்ச் சேருமாயின், அடுத்த தீபாவளிக்கு முன் அரத்தாளை எடுப்பவன் வாளித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வான். கதவின் விலையை யாரிடம் கேட்பதென்றும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.